சுவாமிமலைப் பக்கத்துச் செவிட்டுச் சாமி

“மக கல்யாணப் பூசையில ஊரே நன்மை எடுக்கப் போறப்ப, பொண்ணோட அப்பா மட்டும் பெஞ்சியில நெல் மூட்டையாட்டம் உக்காந்திருக்கப் போறீங்களா?” என்றாள் சூசையம்மாள்.

அவள் புருஷன் சந்தியாகு குடவாசல் கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருப்பவர். எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி ஒன்று கைவசம் இருக்கும். இதற்கு மட்டும் சரக்கு இல்லை. பூசையில் நன்மை, அதாவது திவ்விய அப்பம், வாங்க வேண்டுமானால் முதலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும்; செய்த பாவங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கடைசியாகப் பண்ணியது தன் கல்யாணத்துக்கு.

“சம்பந்தி வீட்டுல தினப் பூசைக்காரங்க. பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க.”

“பண்ண மாட்டேன்னா சொன்னேன்?”

“அப்ப நம்ம சாமிகிட்டயே பண்ணிட்டு வந்துடுங்க.”

அங்கேதான் இடித்தது. அவர் வயலுக்கு அடுத்த வயல் மாதா கோயில் வயல். ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் அண்டை வெட்டும்போது, தன் பக்கத்து வரப்பைச் செதுக்கி, அந்த மண்ணை அடுத்த பக்கம் அப்பச் சொல்வார் ஆட்களிடம். நில உச்சவரம்பு, செங்கொடி, போலீஸ் என்று எல்லாரும் பெரிய பண்ணைகளையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சின்ன வரப்பு மெல்ல மெல்ல நடந்து போவதை யார் கவனித்தார்கள்? இப்போது அந்த வயல் நெல்லைச் சாப்பிடுகிற சாமியாரிடமே போய் எந்த வாயால் சொல்வது?

பக்கத்து ஜவுளிக்கடை மீரா சாகிப்தான் வழி சொன்னார்.

“சுவாமிமலைப் பக்கம் ஒரு மாதா கோயில் இருக்குண்ணே. அங்க உள்ள சாமி டமாரச் செவிடாம். எங்கிட்ட துணி எடுக்க வர்ற உங்காளுங்க பாதிப் பேரு அங்கதான் போறாங்க. நீங்க பாட்டுக்கு முணுமுணுத்துட்டு வந்துடுங்க.”

“அது செல்லுமா பாய்?”

“என்னைக் கேட்டா? சரக்கை இறக்கிட்டீங்க. இறக்குறப்ப எடை போட்டாங்களா இல்லையாங்கிறது அவங்க பாடு.”

சனிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்துப் போனார். வரிசை கோயில் வாசலைத் தாண்டி நின்றது. ஒரு முகத்திலும் பயம் இல்லை. இத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று சந்தியாகு வியந்துகொண்டார்.

தன் முறை வந்ததும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு முன்னால் முழந்தாளிட்டார். வெள்ளிக்கிழமை கறி தின்றது, பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்தது என்று சில்லறைப் பாவங்களைக் கணீரென்று எடுத்து வைத்தார். பெரியதை மட்டும் மீசைக்குள்ளேயே விட்டார்.

“கோயில் வயல் வரப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கு சாமி.”

“விளங்கலையே. இன்னொருக்கா சொல்லுப்பா,” என்றது வலைக்கு அப்பாலிருந்த குரல்.

“ஆளுங்க... வரப்பை நகர்த்திப்புட்டாங்க சாமி.”

“இன்னும் விளங்கலை.”

பின்னால் வரிசையில் கசமுசா நின்றுபோனது. யாரோ ஜெபமாலை உருட்டுகிற சத்தமும் நின்றது. சந்தியாகு கணக்குப் போட்டார். செவிடரிடம் வளவளவென்று பேசினால் விடிகிற வரை இங்கேயே முழந்தாளிட வேண்டியதுதான். சுருக்கமாக முடித்துவிடத் தீர்மானித்தார்.

“நான்தான் சாமி நகர்த்தினேன்!”

மேலே உத்தரத்திலிருந்த புறா பறந்து போனது.

“இப்ப விளங்குது. எவ்வளவு?”

“ரெண்டு அடி.”

“பழைய இடத்துலயே வச்சிடு.”

பேரம் என்று வந்துவிட்டால் குரல் தாழ்ந்துவிடுவது மண்டிக்காரர்களின் பிறவிப் பழக்கம். “மக கல்யாணம் வேற வருது. ஒரு அடி வச்சா போதுங்களா?” என்று முனகினார்.

“விளங்கலை.”

“ஒண்ணரை...”

“விளங்கலையேப்பா.”

சந்தியாகு எத்தனையோ கில்லாடிகளோடு பேரம் பேசியிருக்கிறார். ஒரு காசு இறங்காமல், முகத்தைக்கூடக் காட்டாமல், கேட்கிறவனையே மேலே மேலே ஏற வைக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“ரெண்டு அடியும் வச்சிடறேன் சாமி,” என்றார். சொன்ன பிறகுதான் தெரிந்தது, மனசாரத்தான் சொல்லியிருக்கிறார்.

“சந்தோஷம்பா. இதைச் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் வந்தியே, அதுவே பெரிசு. போ, மக கல்யாணத்துல முதல் ஆளா நின்னு நன்மை எடு.”

பாவமன்னிப்பு பெற்று எழுந்தபோது, தலைச்சுமையை இறக்கிப் போட்டது போலக் கழுத்து லேசாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் முறைப்பார்கள் என்று பார்த்தால், யாரும் அவரைக் கவனிக்கவே இல்லை. அவரவர் தொண்டையைச் செருமித் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் அம்சம் என்ற பெண் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தார். சொன்ன விலையைக் கொடுத்தார்; அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

“தங்கமான சாமிம்மா. பாவம், அந்தக் காது மட்டும் நல்லா இருந்திருந்தா...”

“யாருக்குங்க? அந்தக் காது கேக்காத சாமி மாத்தலாகிப் போயி ரெண்டு வருஷமாச்சு,” என்றாள் அம்சம். “இவரு, நான் இங்க முறுக்கு கடிச்சா உள்ளேருந்து இருமுவாரு. ஊருக்கு எடுத்துச் சொல்லட்டுமா சாமின்னு கேட்டேன், வரிசை கலைஞ்சிடும், நீ சும்மா இருன்னுட்டாரு.”