கரடியூர் பஸ்ஸும் இரண்டு கப்பல்களும்

உல்லாசக் கப்பலில் ஒருமுறை போய்வந்தவரால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. ஒரு மாதம் போனில் படம் காட்டுவார், இரண்டாம் மாதம் கடல்காற்றைப் பற்றிப் பேசுவார், மூன்றாம் மாதம் மிளகு விலை, மழை, முழங்கால் வலி என்று நம் வழிக்கு வந்துவிடுவார். இரண்டு கப்பலில் போனவர்தான் ஆபத்து. ஒன்றில் போனவர் பயணி. இரண்டில் போனவர் நீதிபதி. அவருக்குக் கப்பல் ஒப்பீட்டாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்த இனம் கடற்கரையில் அதிகம் வளர்வதில்லை. ஏற்காட்டைப் போல ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர்தான் அதற்குத் தோதான மண். மறுத்துப் பேச ஆள் இருக்காது பாருங்கள்.

எப்படி அடையாளம் காண்பது? கப்பலை அவர் கப்பல் என்று சொல்லமாட்டார். ‘நம்ம ஷிப்பு’ என்பார். நீங்கள் இட்லி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது எந்த ஷிப்பு இட்லிக்குப் பக்கத்தில் வரும் என்று தீர்ப்புச் சொல்வார். “குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க” என்று ஆரம்பித்தாரானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் வரப்போவது குறை மட்டும்தான்.

கரடியூர் கிறிஸ்துதாஸ் இந்த இனத்தில் எப்படிச் சேர்ந்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தில் அமைப்பாளராக இருந்தவர். வாயைத் திறந்தால் துண்டுப் பிரசுரம். சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஷெர்லின் கப்பல் டிக்கெட் எடுத்தபோது, “தொழிலாளி நெலமையப் பாத்துட்டு வரத்தான் போறேன்” என்று ஊருக்கு அறிவித்துவிட்டுப் போனார். பார்க்கவும் செய்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த ஊழியரிடம் எத்தனை மணிநேர வேலை, ஓவர்டைம் உண்டா, சங்கம் உண்டா என்று விசாரித்தார். அது முதல் நாள். இரண்டாம் நாள், குளியல் துண்டை மடித்துக் கட்டிலில் ஏன் இன்றைக்கு யானை செய்து வைக்கவில்லை என்று விசாரித்தார்.

அடுத்த வருடம் சம்பந்தி வீட்டாரோடு கொச்சியிலிருந்து இரண்டாவது கப்பல். அத்தோடு ஊருக்குச் சனி பிடித்தது.

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் ஆம்லெட் ஒப்பீடு: முதல் ஷிப்பில் மூன்று நிமிடம், இரண்டாவதில் ஏழு. சேர்வராயன் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றால் வரிசை ஒப்பீடு. துக்க வீட்டில்கூட, நாற்காலிகள் போட்டிருந்த விதத்தைப் பார்த்து வாயைத் திறந்தவரை அவர் மனைவி லூர்துசெல்வி முழங்கையால் இடித்து நிறுத்தினார்.

“ரெண்டு கப்பல்லயும் நானுந்தான் ஏறுனேன். எனக்கு ரெண்டுலயும் வாந்திதான் வந்துச்சு. இதுல என்னத்த ஒப்பிடறது?” என்பார் லூர்துசெல்வி.

கிறிஸ்துதாஸுக்குத் தெரியாமல் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் அவருக்கு எதிராக அவரே ஒரு பிரசுரம் அச்சடித்துக்கொண்டிருப்பார். ‘தோழர்களே! ஒரு ஆம்லெட்டுக்கு வர்க்கத்தை விற்ற கிறிஸ்துதாஸை அடையாளம் காணுங்கள்!’ தலைப்பு நன்றாக அமைந்துவிட்டதே என்று அதிலும் கொஞ்சம் பெருமை. ஆனால் வாய் நிற்காது.

இந்த நேரத்தில்தான் பஸ் விவகாரம் வந்தது. ஏற்காட்டிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கரடியூர் போகும் பஸ் நின்று நான்கு மாதமாகிவிட்டது. டவுனில் வேலை செய்யும் பெண்கள் எட்டு கிலோமீட்டர் நடந்தார்கள். காப்பித் தோட்ட வளைவுகளில் காட்டு மாடு நின்றால் அது நகரும்வரை காத்திருந்து நடந்தார்கள். ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்யும் குப்பாயி, இருட்டுக்கு முன் வீடு போய்ச்சேர நாலு மணிக்கே கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்கு மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் பழையபடி அஞ்சு மணி வரை இருக்க வேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். அந்த வேலையில்தான் குப்பாயி வீட்டு அடுப்பு எரிகிறது.

போக்குவரத்து அதிகாரி ராமசாமி ஒரு வேலையாக மலைக்கு வருகிறார், மூன்று மணிக்கு விருந்தினர் விடுதியில் அரைமணி நேரம் இருப்பார், பிறகு அடிவாரம் இறங்கிவிடுவார் என்று தகவல் வந்தது. மனு கொடுக்க யாரைக் கூட்டிப் போவது? கிறிஸ்துதாஸை விட்டால் யார்? குப்பாயியும் இன்னும் மூன்று பெண்களும் மனுவோடு கிளம்பினார்கள். விடுதி வாசலில் அமைப்பாளர் பாடம் நடத்தினார்.

“மூணே விதிங்க அம்மணி. உக்காரக்கூடாது. அவிங்க டீயக் குடிக்கக்கூடாது. மொதல்ல மனு மேசைக்குப் போகோணும், அப்பறந்தான் வாயத் தொறக்கோணும்.”

உள்ளே போனார்கள். அதிகாரியின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அது தொங்கிய கயிறு வெளிர்நீலம். அந்த நீலம் கிறிஸ்துதாஸுக்குத் தெரியும். முதல் கப்பலில் அறைச் சாவி அட்டை மாட்டிக்கொள்ளக் கொடுத்த கயிறு! அதே மாதிரி ஒன்று அவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

“ஏனுங்க சார், இந்தக் கயிறு... சிங்கப்பூர் ஷிப்புதானுங்களே?”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அட! நீங்களும் போயிருக்கீங்களா? உக்காருங்க, உக்காருங்க.”

உட்கார்ந்தார். முதல் விதி போயிற்று.

“எத்தனாவது டெக்குங்க சார்?” கப்பலில் மாடிக்கு டெக் என்று பெயர்.

“அஞ்சு.”

“அஞ்சுங்களா...” ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டரைப் போல இழுத்தார் கிறிஸ்துதாஸ். “அப்ப ஜன்னல் இருந்திருக்காதுங்களே.”

“ரூமுக்குத் தூங்கத்தானங்க போறோம்?” என்றார் அதிகாரி. ஜன்னலில்லாத அறைக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வசனம் இது.

“நாங்க பத்தாவதுங்க. பால்கனி. கதவத் தொறந்தா நேரா கடலுங்க.”

டீ வந்தது. குடித்தார். இரண்டாவது விதியும் போயிற்று. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மனு குப்பாயி கையில் வேர்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி சும்மா விடுவாரா? “நாங்க கேப்டனோட நின்னு போட்டோ எடுத்தமுங்க.”

“நல்லதுங்க. ரெண்டாவது ஷிப்புல கேப்டனே நம்ம டேபிளுக்கு வந்துட்டாருங்க.” வந்தது கேப்டன் இல்லை, தண்ணீர் ஊற்றுகிறவர். சட்டைதான் வெள்ளை.

“ரெண்டாவதா? ரெண்டு ஷிப்பு போயிருக்கீங்களா?” அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. இருபத்தோரு நாள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தபோதுகூட, மேசைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு தோல்வியைக் கிறிஸ்துதாஸ் பார்த்ததில்லை. விடுவாரா? அடுத்த வருடம் இன்னும் பெரிய ஷிப்பு என்றார். ஷெர்லின் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு துண்டு விஷயத்துக்கு வந்தார். “குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க, துண்டுல அன்னம் மடிச்சு வெப்பாங்க பாருங்க, ரெண்டாவது ஷிப்புல கழுத்தே நிக்காதுங்க.”

“கழுத்துக்குள்ள சின்னத் துண்டச் சுருட்டி வெக்கோணுங்கண்ணா.” வாசலோரம் நின்ற குப்பாயியின் குரல். “நான் தெனம் பதினாறு ரூமுக்கு மடிக்கிறனுங்க. ஏனுங்க, ரெண்டு பேரும் கரைக்கு வந்தாச்சுன்னா இந்த மனுவ வாங்கிக்கலாமுங்களா?”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. அவசரமாக மனுவை வாங்கிப் படித்தார். பிறகு கிறிஸ்துதாஸை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்களும் கரடியூருங்களா?”

“ஆமாங்க.”

“ரெண்டு ஷிப்பு, பால்கனி ரூமு, அடுத்த வருசம் இன்னொண்ணு. இவ்வளவு வசதியான ஊருக்கு எங்க ஓட்டப் பஸ்ஸு எதுக்குங்க? ஜன்னலில்லாத ஆளுங்க நாங்கதான் பஸ்ஸுக்கு அலையோணும்.”

சொன்னது சிரித்துக்கொண்டுதான். ஆனால் மனுவின் ஓரத்தில் எழுதியதில் சிரிப்பு இல்லை: ‘ஊர் மக்கள் வசதியானவர்கள். அவசரமில்லை.’

“வசதி அவருக்குங்க சார். நடக்கறது நாங்க,” என்றார் குப்பாயி.

“பாக்கலாம்மா.” ஜீப் கிளம்பிவிட்டது.

கிறிஸ்துதாஸ் அந்தப் பெண்களோடு நடந்தே ஊருக்குத் திரும்பினார். இரண்டு கிலோமீட்டர் வரை எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு விரதம். பெண்கள் முன்னால் நடந்து தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். குப்பாயி நின்று திரும்பினார்.

“திங்கக்கெழம சேலம் போறமுங்க, பெரிய ஆபீசுக்கு.”

“நானும் வந்து...”

“நீங்க வேண்டாமுங்கண்ணா.”

முப்பத்திரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை அவரிடம் சொன்னவர்கள் எஸ்டேட் முதலாளிகள் மட்டும்தான். அப்போது அது அவருக்கு மாலை. இப்போது சொன்னவர் குப்பாயி.

“மனுவாச்சும் எழுதித் தரட்டுமா அம்மணி?”

“எழுதுங்க. உங்க எழுத்து நொம்ப நல்லா இருக்கும். கப்பல் மட்டும் வரக்கூடாதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். ‘ஏற்காட்டிலிருந்து கரடியூர் எட்டு கிலோமீட்டர்’ என்று எழுதினார். பேனா அங்கே நிற்கவில்லை. ‘அதாவது, முதல் கப்பலின் நீளத்தைப்போல் இருபத்தைந்து மடங்கு, இரண்டாவதன் நீளத்தைப்போல்...’ லூர்துசெல்வி எட்டிப் பார்த்தார், பேனாவை வாங்கினார், அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அடித்த மனுவைச் சுத்தமாகத் திரும்ப எழுதிக் கொடுத்தார் கிறிஸ்துதாஸ். சேலத்தில் வாங்கி முத்திரை குத்தியிருக்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை. குப்பாயிக்கு மாதக் கடைசிவரைதான் தவணை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நீங்கள் சிரித்துக்கொண்டேதான் படித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் ஓரிடத்தில், பஸ் என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்னால், அந்த இரண்டில் எந்தக் கப்பல் மேல் என்று ஒரு கணம் யோசித்தீர்களா இல்லையா? கப்பலே ஏறியதில்லை என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். இதற்குக் கப்பல் அவசியமில்லை. இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு கல்யாண மண்டபம், வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகள், எது இருந்தாலும் போதும். ஒப்பிட ஆரம்பித்துவிட்டீர்களா? ஆகட்டும், நிதானமாக ஒப்பிடுங்கள். உங்களுக்குப் பின்னால் யாரோ மனுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு நின்று பழக்கம்தான்.