பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாத கல்யாண ஆல்பம்

ஒரு படத்தில் நிறம் சரியா தப்பா என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நம்புகிறவள் நான். கல்யாண ஆல்பம் வந்த பிறகும் அந்த நம்பிக்கை பெரிதாகக் குறையவில்லை. (குறைந்திருக்க வேண்டும் என்பது என் கணவரின் கருத்து.)

மதுரையில் விஸ்காம் படித்துவிட்டு ராமநாதபுரத்துக்கு மருமகளாக வந்த புதிது. உச்சிப்புளி ஸ்டூடியோக்காரர் ஆல்பத்துக்கான மாதிரிப் படங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். "கண்ட வெளிச்சத்துல படம் பாக்கக் கூடாது" என்று வீட்டாருக்கு வகுப்பெடுத்துவிட்டு, பெட்டியில் 'பகல் வெளிச்சம்' என்று போட்டிருந்த எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி வந்து எங்கள் அறையில் மாட்டினேன். அதன் கீழே என் அரக்குப் பட்டு காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தது. முகங்களெல்லாம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவைபோல வெளிறியிருந்தன.

உடனே ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். "சிவப்பு பத்தலை. எல்லாப் படத்துலயும் கூட்டுங்க."

"எனக்குச் சரியாத்தான் தெரியுதுக்கா. ஒருக்கா வெயில்ல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பகல் வெளிச்சத்துலதான் பாக்குறேன்" என்றேன். (பல்பைப் பார்த்தபடி.)

ஆல்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சொந்தபந்தம் சூழ, வாசலிலேயே வைத்துப் பிரித்தோம். எங்கள் ஊர் வெயில் எதையும் மறைக்காது. படத்தில் மாப்பிள்ளை ரோஸ் வேட்டி கட்டியிருந்தார். என் மாமியார், அதாவது அத்தை, பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் படத்திலும் அவர் முகம் செக்கச்செவேலென்று, யாரையோ அடிக்கப் பாய்வதுபோல இருந்தது.

"ஏத்தா, ஒன் கல்யாணத்துல நான் இம்புட்டுக் கோவமாவா நின்னேன்?"

"பாக்குறவுக, மருமகளப் பிடிக்கலைனு நெனைக்கப் போறாக" என்றார் மாமா. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதும் நான் அசரவில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் எங்கள் அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலைச் சாத்தி, பல்பைப் போட்டேன். வேட்டி வெள்ளையானது. அரக்கு அரக்கானது. படத்தில் அத்தை சிரித்த முகமாக நின்றார்.

வெளிச்சம் எவ்வளவு வெள்ளை என்பதை மட்டும்தான் பெட்டியில் இருந்த பெயர் சொல்கிறது. சிவப்பைச் சிவப்பாகக் காட்டுமா என்பதற்குத் தனி அளவு உண்டு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்றும் ஆல்பம் கேட்டு யார் வந்தாலும் அந்த அறைக்குள் அடைத்து, அந்தப் பல்பைப் போட்டுத்தான் காட்டுகிறோம். அத்தை என்னைத் திட்டத் தொடங்கினால் மாமா மெதுவாகக் கேட்பார்: "அந்த லைட்டப் போடவா?"

"வேணாம். இது அசல் கோவம்" என்பார் அத்தை. சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்.