மெத்தைக் கிடங்கில் ஒரு விசில்

மனிதக் காதுகளுக்கு எட்டாத ஓர் ஒலி வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெத்தைக் கிடங்கில் ஊதப்படும். ஊழியர் அனைவரும் தவறாமல் வந்து கேட்க வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தவர், காவல் மேற்பார்வையாளர். அவருக்கு வேறு வழியில்லை. கிடங்குக்குக் கேமரா போதும், நாயும் வேண்டாம், நாய்க்கு ஒரு மேற்பார்வையாளரும் வேண்டாம் என்று மேனேஜர் ஏறக்குறைய முடிவே கட்டியிருந்தார்.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் நாயின் எதிரே விறைப்பாக நின்று, விரல் நீள விசிலை ஊதினார். நாய் டக்கென்று உட்கார்ந்தது.

"எனக்கு லேசா கேட்ட மாதிரி இருந்துச்சு சார்" என்றார் கணக்கர்.

"அப்ப உங்களையே காவலுக்குப் போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

"சார், நமக்கு இருக்கிறது பேருக்குத்தான் காது. இதுக்கு இருக்கு பாருங்க, அதுதான் காது!" என்று மேற்பார்வையாளர் மார்பை நிமிர்த்தினார்.

"சரிய்யா. திருடன் வர்றப்ப இப்படி எதிர்லயா நிப்பீங்க? மறைஞ்சு நின்னு ஊதுங்க."

மெத்தை அடுக்குக்குப் பின்னால் போய் ஊதினார். நாய் கொட்டாவி விட்டது.

"ஃபேன் சத்தம் சார். அதுக்குத் தொந்தரவு."

ஃபேன்கள் நின்றன. ஊழியர்களுக்கு வியர்த்து ஊற்றியது. அடுக்குக்குப் பின்னாலிருந்து மறுபடி ஊதினார். நாய் படுத்துக்கொண்டது.

"பஞ்சு சத்தத்தைக் குடிச்சிடுது சார். கதவைத் திறந்து வெச்சு, கொஞ்சம் பலமா ஊதுறேன்."

பெரிய கதவு திறக்கப்பட்டது. மேற்பார்வையாளர் அடுக்குக்குப் பின்னால் நின்றபடி அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

முதலில் ஒரு நொண்டி நாய் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் ஆறு. தெருவிலிருந்த அத்தனையும் பாய்ந்து வந்து புது மெத்தைகளில் ஏறின. ஒன்று, ஏற்றுமதிக்கு இருந்த இரட்டை மெத்தையை நிதானமாக முகர்ந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது. இன்னொன்று மேனேஜரின் பேன்ட்டைக் கவ்வியது.

மேனேஜர் மேஜைமேல் ஏறினார். "யோவ்! கூப்பிடாத நாயெல்லாம் வந்து குதிக்குது, நாம சோறு போட்டு வளக்குறது தூங்குது! திமிர் பிடிச்ச நாய்!"

"திமிர் இல்ல சார், கட்டுப்பாடு! மத்ததெல்லாம் தறிகெட்டு ஓடுது, இது இடத்தை விட்டு அசையுதா பாருங்க!"

துடைப்பத்தால் நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார் கிடங்கு பெருக்கும் அம்மா. காவல் நாய்க்குத் தினமும் சோறு வைப்பவர் அவர்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது சார். இவரு கன்னம் உப்புறதைப் பாத்துதான் உக்காரும்."