படகில் எழுந்து நின்ற கிராணி

அன்றைக்கு வேலை ஒன்றுதான். என் வெள்ளைக் காற்சட்டையைக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கி வர வேண்டும்.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். ரப்பர் தோட்டம் முழுக்க மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. என் மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். கிழங்கைத் தின்று எங்கே பால் ஊறும்? பேத்தி பசியில் கத்திக்கொண்டே இருந்தாள்.

"அரிசி இல்லாம வாசப்படி மிதிக்காதீங்க," என்றாள் மனைவி.

நான் தோட்டத்துக் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். அந்தக் காற்சட்டை லேசுப்பட்டதல்ல. அதை மாட்டிக்கொண்டு நான் எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். துரையைக் கண்டு நான் இறங்குவேன்; என்னைக் கண்டு அவர்கள் இறங்குவார்கள். இறங்க மறுத்த ஒருவனை வேலையை விட்டே துரத்தினேன். அப்படிப்பட்ட பெரிய மனிதன் நான்!

எங்கள் ஊர் குரூணிலிருந்து வயல் பக்கம் போக, கால்வாயில் படகுதான் வழி. மழையில் நனைந்துகொண்டு துறைக்குப் போனால், படகில் கழியோடு நிற்கிறான் முனியாண்டி. நான் துரத்திய அதே ஆள்.

"வாங்க கிராணியாரே! ஏறுங்க. இதுல யாரைப் பாத்தும் இறங்க வேணாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஒல்லிப் படகு. குறுக்கே உட்கார்ந்தால் இரண்டு முழங்கையும் வெளியே நீட்டும்.

போன காரியம் சுலபமாக முடிந்தது. மலாய்க்கார விவசாயி காற்சட்டையை இடுப்பில் வைத்துப் பார்த்தார். "பாகுஸ்லா!" என்று மெச்சிச் சிரித்தார். நான்கு படி அரிசி அளந்து போட்டார். அரிசியோடு பிடிபட்டால் ஜப்பான்காரர்கள் பறித்துக்கொள்வார்கள், உதையும் விழும். சாக்கில் அரிசியைப் போட்டு, கொண்டுபோயிருந்த கிழங்கை மேலே அடுக்கி, வாயை இறுகக் கட்டினேன்.

திரும்பும்போது மழை இன்னும் வலுத்தது. எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கரையில் ஒருவன். தலையில் தொப்பி. காக்கி உடுப்பு. தோளில் துப்பாக்கி!

ஜப்பான் காவல்காரனைக் கண்டால் நின்று, இடுப்பு வரை குனிய வேண்டும். சுங்கைப்பட்டாணியில் ஒருமுறை குனிந்தது போதவில்லை என்று வாங்கிய அறை, என் இடது காதில் இன்னும் வண்டாகக் குடைகிறது.

"முனியாண்டி! சென்ட்ரி!"

"எங்க?"

"அங்கதான்! எந்திரிச்சுக் குனியணும்!"

"ஐயோ, உக்காருங்க! இது படகு, ஒங்க ஆபீஸ் வராந்தா இல்ல!"

"அறைஞ்சா ஒனக்கா வலிக்கும்?"

எழுந்தேன். கைகளைத் தொடையில் ஒட்டினேன். முறைப்படி, குறை சொல்ல முடியாதபடி குனிந்தேன். தலை ஒரு பக்கம் போனது, பின்பக்கம் ஒரு பக்கம் போனது, படகு மூன்றாவது பக்கம் போனது.

"காப்பாத்துடா!" என்று அலறினேன்.

முனியாண்டி என்னைத் தாண்டி நீந்திப் போனான்.

"எங்கடா போற?"

"அரிசிக்கு! நீங்க எப்படியும் மிதப்பீங்க, அது மிதக்காது!"

மூழ்கினான். நான் இரண்டு வாய் சேற்றுத் தண்ணீர் குடித்தேன். அவன் சாக்கோடு மேலே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"கத்துறத விட்டுட்டு எந்திரிச்சு நில்லுங்க. இப்பத்தான் நிக்கணும்!"

நின்றேன். தண்ணீர் மார்பளவுதான்.

கரையில் காவல்காரன் அசையவில்லை. கோபமாக இருப்பான் என்று நினைத்து, தண்ணீரில் நின்றபடியே இன்னொரு முறை குனிந்தேன். மூக்கு நனைந்தது.

நிமிர்ந்தபோது அவன் தொப்பியில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது.

"குருவி வெரட்டுற பொம்மை, கிராணியாரே. சாக்குத் துணியும் மூங்கிலும்," என்றான் முனியாண்டி. சிரிக்கக்கூட இல்லை. "இதுக்கா ரெண்டு தடவ?"

அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினாள் மனைவி. அப்படியும் கஞ்சியில் கால்வாய் மணந்தது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மூன்றாம் நாள் பேத்தி வயிறு நிறைந்து தூங்கினாள்.

எனக்குத்தான் தூக்கமில்லை. இத்தனை வருஷம் சைக்கிளை விட்டு இறங்கினார்களே, யாரைப் பார்த்து இறங்கினார்கள்? என்னையா? அந்தக் காற்சட்டையை ஒரு கம்பில் மாட்டி ரோட்டோரம் நட்டிருந்தாலும் இறங்கியிருப்பார்கள். நான் வீட்டிலேயே கிடந்திருக்கலாம்.

முனியாண்டி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பது மறு வாரம் தெரிந்தது. ஆபீஸ் வாசலில் யாரோ ஒரு மூங்கில் நட்டு, சாக்கு மாட்டி, மேலே தொப்பி வைத்திருந்தார்கள்.

எனக்கா புரியாது? என்னைக் கேலி செய்யத்தான்.

அக்கம்பக்கம் பார்த்தேன். யாருமில்லை. லேசாகக் குனிந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எதற்கு வம்பு?