இரண்டு கட்சிக்கும் சேர்த்துத் தின்ற ஐயர்

சபை மக்களின் மனதைப் பிடிக்க எத்தனையோ வழி உண்டு. ஜெபிக்கலாம், நல்ல பிரசங்கம் செய்யலாம், நோயாளிகளைப் போய்ப் பார்க்கலாம். வயிற்றை வைத்துப் பிடிக்கப் பார்த்த போதகர் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் அவர்களுடைய வயிறு அல்ல, என்னுடையது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள். குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் சபைக்கு என்னைப் புதிதாக அனுப்பினார்கள். (அங்கே போதகருக்கு ஐயர் என்று பேர்.) தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாதிப்பேர், மலையாளத்தோடு இப்படியே கிடக்கட்டும் என்று மீதிப்பேர். கோயிலுக்குள்ளும் நடுப்பாதைக்கு வலப்புறம் தமிழ்க் கட்சி, இடப்புறம் மலையாளக் கட்சி. வீட்டில் என்னவோ இரண்டு பேரும் இரண்டு பாஷையும்தான் பேசினார்கள். (சமாதானத்துக்குத் தமிழ், சண்டைக்கு மலையாளம். சில வீடுகளில் நேர்மாறு.)

தமிழ்க் கட்சிக்குத் தலைவர் தாசையன் வாத்தியார். எதிர்க்கட்சிக்கு மிளகு வியாபாரி யோவான். இருவரும் சகலைகள். அக்கா எஸ்தரை வாத்தியாரும் தங்கை ரோசம்மாவை யோவானும் கட்டியிருந்தார்கள். புருஷன்மார் சண்டையில் அக்காவும் தங்கையும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே பந்தியில் முழங்கால் போடமாட்டோம் என்று இரு பக்கமும் சொல்லிவிட்டதால், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தும் நின்றுபோயிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் மனம் நொந்து மாற்றல் வாங்கிக்கொண்டார். நானோ என் முதல் ஞாயிறிலேயே திருவிருந்து நடத்திக் காட்டுகிறேன் என்று மேலிடத்தில் வாய்விட்டு வந்திருந்தேன்.

அந்த வயதில் எனக்கு ஈடுபாடு மூன்றே விஷயங்களில். வேதம், கால்பந்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. (வரிசை பசியைப் பொறுத்தது.) சனிக்கிழமை இரண்டு தலைவர்கள் வீட்டுக்கும் போய், இரண்டிலும் சரிசமமாகச் சாப்பிட்டால் ஐயர் நடுநிலையானவர் என்று ஊர் நம்பிவிடும் என்பது என் கணக்கு. புது மனைவி கிரேஸ் மட்டும், "ஏங்க, பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள். நான் அவளுடைய விசுவாசக் குறைவுக்காக வருத்தப்பட்டேன்.

வாத்தியார் வீட்டில் அவித்த மரச்சீனியும் சாளைக் கறியும். எஸ்தர் கைப்பக்குவம் அப்படி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாங்கித் தின்றதோடு நிற்காமல், இப்படியொரு மீன்கறி என் ஆயுளில் தின்றதில்லை என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தேன். அந்தச் சர்ட்டிபிகேட் எனக்கு முன்னால் யோவான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அங்க சட்டிய வழிச்சித் தின்னியளாமே" என்றார் யோவான். "இங்க குறைஞ்சா எனக்குக் குறைச்சிலாக்கும், ஐயரே." ரோசம்மா கப்பையை மலைபோல் குவித்தாள். அதே மரச்சீனிதான், இங்கே பெயர் கப்பை. தின்றேன். நடுநிலைமைக்காகத் தின்றேன். சாயங்காலம் வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாயசம் வந்தது. அது தெரிந்து யோவான் ஒரு முழு வருக்கைச் சக்கையை, பலாப்பழம்தான், தலைச்சுமட்டில் அனுப்பினார். கிரேஸ் தொடவில்லை. அவளுக்குச் சபைப் பொறுப்பு எதுவும் இல்லையே.

ஞாயிறு காலை பிரசங்கப் பீடத்தில் ஏறினேன். தலைப்பு, இச்சையடக்கம். (முந்தின வாரமே முடிவு செய்தது.) "பிரியமானவர்களே" என்று தொடங்கியதும் வயிற்றுக்குள் இரண்டு கட்சியும் மோதிக்கொண்டன. கண்ணை மூடிப் பீடத்தைப் பிடித்துக்கொண்டேன். பரவசம் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் ஆமென் சொன்னார். அடுத்த நிமிஷம் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பாதை வழியாக ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு அயனி மரம் நின்றது. அதன் அடிமூட்டில் நடந்ததை எழுதுவது என் பட்டத்துக்கு அழகல்ல.

திரும்பித் தள்ளாடி வந்தபோது உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"ஊசிப்போன சாளையக் குடுத்து ஐயர கொல்லப் பாத்தியளா?" இது யோவான்.

"எலே, மீனு பிடைக்கப் பிடைக்க வாங்கினதாக்கும். உனக்க கப்பதான் கட்டு, விஷமாக்கும்" என்று வாத்தியார் மேல்துண்டை உதறினார். இரண்டு பக்கத்து இளைஞர்களும் நடுப்பாதைக்கு வந்துவிட்டார்கள். திருவிருந்து போகட்டும், என் வயிற்றால் சபையில் ரத்தம் சிந்தப் போகிறதே.

"ரெண்டு வீட்டுச் சாப்பாடும் ஒண்ணாம் தரம்" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து கத்தினேன். "தப்பு என்மேல. ரெண்டு கட்சிக்கும் சேர்த்து நான் ஒருத்தனே தின்னுட்டேன்."

வலப்புறத்துப் பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் ரோசம்மா தலையைக் குனிந்து குலுங்கினாள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம்.

என்னை வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். எஸ்தர் சுக்கோடு வந்தாள், ரோசம்மா ஓமத்தோடு. எங்கள் அடுக்களையில் ஒரே ஒரு அடுப்பு.

"சுக்கு சூடாக்கும். வயிறு எரியும் மனுஷனுக்கு ஓமத்தண்ணிதான் குடுக்கணும்னு அம்ம சொல்லுவாளே, எக்கா" என்று ரோசம்மா அக்காவிடம் சொல்ல, "உனக்கு அம்ம சொன்னது என்னைக்கு ஓர்மை இருந்திருக்கு?" என்றாள் எஸ்தர். ஒரு வருஷம் பேசாததையெல்லாம் அன்று மத்தியானம் வரை பேசித் தீர்த்தார்கள். நடுவே இருவரும் அழுததும் கேட்டது. எனக்கு இரண்டு மருந்தும் கிடைத்தன, சரிசமமாக.

அடுத்த ஞாயிறு திருவிருந்து நடந்தது. அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி முழங்கால் போட்டார்கள். வேறு வழியில்லாமல் புருஷன்மார் பின்னால் வந்தார்கள். கிண்ணத்தைப் பிடித்திருந்த என் கண் நிறைந்துவிட்டது.

சில வருஷங்களில் எல்லை பிரித்தார்கள். பக்கத்துத் தாலுகா விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். யோவான் கட்சி வெடி போடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். யோவானோ அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயரே, வாத்தியாரண்ணன் நேத்துலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. ஒண்ணு வாருங்க. நீங்க இருந்து தின்னா அவரு சிரிப்பாரு, சிரிச்சா தின்பாரு."

நான் சட்டையைத் தேடினேன். உள்ளேயிருந்து கிரேஸ், இன்றைக்கும் என் பேரப்பிள்ளைகள் நான் எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் சொல்லிச் சிரிக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"யோவான் அண்ணே, கூட்டிட்டுப் போங்க. ஆனா இன்னைக்கு ஒரு கட்சிக்கு மட்டுந்தான் தின்னணும்."

"இனி ரெண்டு கட்சி எங்க இருக்கு, ஐயரம்மா" என்றார் யோவான்.