குணம் அண்ணையை இறக்கிய முப்பதாவது கையெழுத்து

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு ஆட்சியைத்தான் கவிழ்த்திருக்கிறேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

ஆட்சி என்றதும் பயந்துவிடாதீர்கள். மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் தமிழ்ச் சங்கம். தலைவர் குணம் அண்ணை. நான் மொன்றியலுக்கு வந்த முதல் வாரம், மெல்லிய சட்டையோடு பஸ்ஸுக்கு நடுங்கிக்கொண்டு நின்ற என்னைக் கண்டு, தன் குளிர்க்கோட்டைக் கழற்றித் தந்தவர். அதன்பின் சனிக்கிழமைகளில் அவருடைய வான் வண்டியில் ஜான்-டலோன் சந்தைக்குப் போவோம். கத்தரிக்காய்க்காரருக்கு பிரெஞ்சு வணக்கமாக ஒரு ‘பொன்ஜூர்’ சொல்லிவிட்டு மிச்சப் பேரம் முழுவதையும் தமிழிலேயே முடிப்பார். (அந்த மனிதரும் குறைத்துக் கொடுப்பார். எப்படியென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

அண்ணையிடம் இருந்த ஒரே குறை, மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஒரு பொங்கல் விழாவில் அவர் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள், பொங்கல் இறுகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு கட்டுரையை வாசித்துத் தொலைத்தேன். அமெரிக்காவில் சில மாநிலங்களில், மக்கள் கையெழுத்துச் சேர்த்து, வாக்கெடுப்பு வைத்து, ஆளுநரையே பாதியில் வீட்டுக்கு அனுப்பலாமாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆளுநருக்கே அப்படியென்றால் குணம் அண்ணை எம்மாத்திரம்? முப்பது பேர் கையெழுத்திட்டால் தலைவர் இறங்கவேண்டும் என்று சங்கத்தின் சட்ட யாப்பில் ஒரு விதி சேர்க்கச் சொன்னேன். (வாக்கெடுப்பை விட்டுவிட்டேன். புரட்சிக்கு அவ்வளவு பொறுமை ஏது?)

“நல்ல விதி, தம்பி” என்று முதலில் கைதட்டியவரே அண்ணைதான்.

கையெழுத்து வேட்டைக்கு ஒரு பிறந்தநாள் விழாவைத் தெரிந்தெடுத்தேன். கேக் வெட்டியபின் படம் எடுக்க மேடைக்கு வரிசை நிற்குமே, அதில் நிற்கும் நம்மவர்கள் இடம் போய்விடும் என்று அசையமாட்டார்கள். தாளை வரிசையின் கடைசி ஆளிடம் கொடுத்தேன்.

“என்னத்துக்கு?”

“சங்க விசயம்.”

“ஓம், தாரும்.”

ஒருவரும் வாசிக்கவில்லை. தாள் கைமாறி முன்னுக்குப் போய், முப்பது கையெழுத்தோடு திரும்பி வந்தது. முப்பதாவது குணம் அண்ணையுடையது. வரிசையின் முதல் ஆளாக அவர் நின்றதை நான் கவனிக்கவேயில்லை.

அப்போதே கிழித்திருக்கவேண்டும். நானோ சங்கக் கூட்டத்தில் கம்பீரமாக எழும்பி வாசித்தேன்.

“நான் சாப்பாட்டுப் பார்சலுக்கெண்டெல்லோ போட்டனான்!” என்று யாரோ கத்தினார்கள்.

அண்ணை மைக்கை என் கையில் தந்தார். “விதி விதிதான், தம்பி. இனி நீ பார்.” அவர் பேசியதிலேயே மிகச் சிறிய பேச்சு அதுதான்.

அடுத்த கோடையில் தன் மகளோடு இருக்க ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் நான் தனியாகச் சந்தைக்குப் போகிறேன். கத்தரிக்காய்க்காரர் என் பின்னால் எட்டிப் பார்க்கிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன். அந்த நீண்ட பேச்சுகளில் ஒன்றையாவது இன்னொருமுறை கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறேன்.

தலைவர் பதவி இன்னும் என் தலையில்தான். என்னை இறக்கச் சொல்லி நானே தாளோடு அலைந்தும் ஒருவரும் போடுவதில்லை. இப்போது எல்லோரும் வாசிக்கிறார்கள். என் மகளின் பள்ளிக்கூடத் தாளை நீட்டினாலும் மனைவி, “பொறுங்கோ, ஆரை இறக்கப்போறியள் எண்டு பாத்திட்டுப் போடுறன்” என்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

போன பொங்கலன்று தொலைபேசியில் கேட்டே விட்டேன். “அண்ணை, அண்டைக்கு வாசிக்காமலே கையெழுத்துப் போட்டனீங்கள், என்ன?”

“வாசிச்சனான்” என்றார். “இருபத்தொன்பதுதான் கிடந்தது. ஒண்டுக்காக நீ அலையப்போறாய் எண்டு போட்டனான்.”