வெள்ளி ஆந்தையும் என் மாமனாரும்

மூடிய பொட்டலத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொருளுக்குத்தான் நான் வாழ்நாளில் அதிகம் செலவு செய்திருக்கிறேன். (கல்யாணத்தைச் சொல்லவில்லை. சங்கீதா இதைப் படிப்பாள்.)

நான் சொல்வது சீட்டுப் பொட்டலம். ரம்மி ஆடும் சீட்டு இல்லை. இது வேறு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விலங்கோ பூதமோ வீரனோ வரைந்திருக்கும். ஓரத்தில் ஒரு நிறம், மூலையில் அதன் பலத்தைக் காட்டும் ஓர் எண். பொட்டலத்துக்குள் எந்தச் சீட்டு இருக்கிறதென்று பிரிக்கும்வரை தெரியாது. பெங்களூரில் வேலை பார்த்தபோது அறை நண்பர்கள் பழக்கிவிட்டார்கள். ஆடத்தான் ஆரம்பித்தேன். போகப் போக ஆடுவது நின்றுபோய், வாங்குவது மட்டும் மிஞ்சியது. சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பேப்பர் உறையில் போட்டு, ஆல்பத்தில் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கை கழுவிக்கொண்டு பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அதுதான் ஆட்டம்.

அந்த ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் தனியாக வீற்றிருந்தது வெள்ளி ஆந்தை.

எத்தனையோ பொட்டலம் பிரித்தும் கிடைக்காமல், கடைசியில் ஒரு சேகரிப்பாளரிடம் நேரடியாகவே அதை வாங்கினேன். வந்த அன்று ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். இறக்கை அசைந்தது. சத்தியமாக அசைந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக மினுங்கி, ஆந்தை என்னை நோக்கிக் கிளம்பி வருவதுபோல இருந்தது. விலை? ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக்கின் விலை. (அப்போது என்னிடம் பைக் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

கல்யாணம் ஆனதும் வீட்டிலிருந்தே வேலை என்று கள்ளக்குறிச்சியில் குடியேறினோம். 'ஏதோ பொம்மை படம் சேர்க்கிறார், குடிக்கிறதுக்கு இது மேல்' என்பது சங்கீதாவின் கணக்கு. விலையை அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் அளவுக்குத் தைரியசாலியும் இல்லை.

அவளுடைய ஊர் கச்சிராயபாளையம். மாமனாருக்குக் கரும்பு. ஊரில் இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிறு பிடித்து அளந்து "இதான்" என்பார். அதோடு முடிந்தது, யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அப்படிப்பட்ட நேர்மை. என்னிடம் அதுவரை அவர் பேசியது "வாங்க", "சாப்டீங்களா", அவ்வளவுதான். அவர் முன்னால் நான் காலைக்கூட நீட்டி உட்கார்ந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் எல்லோரும் காரில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். மாமனார், மாமியார் (எனக்கு அத்தை), சங்கீதா, அவள் தம்பி அருள், நான். பூட்டிய வீட்டில் ஆந்தையைத் தனியாக விட்டுவர மனசு வராமல், ஆல்பத்தைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "அருவில தண்ணி ஜாஸ்தி, உள்ள வுடமாட்டோம்" என்று வனத்துறைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் அறை எடுத்து உட்கார்ந்தோம். கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. திறந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, அத்தையின் புளிசாதத் தூக்கைச் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கக் கதவு வழியாக வெளியே போனது. நான் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு மேகம் புதிதில்லை. "அருளு, சீட்டுக்கட்டு எடுத்துகினு வந்தியா?" என்றார்.

"மறந்துட்டேம்மா."

"இன்னாங்க, உங்க பையில இருக்குதே சீட்டு" என்றாள் சங்கீதா என்னிடம்.

"அது... அது வேற. அதுல ஆட முடியாது."

"சீட்டுன்னா ஆடறதுக்குத்தானே?" என்றார் அத்தை.

அதன் விதிகள் அறுபது பக்கம் வரும் என்றும், இரண்டு பேர்தான் ஆட முடியும் என்றும் விளக்கத் தொடங்கினேன். அப்போது சுவரோரம் சாய்ந்திருந்த மாமனார் வாய் திறந்தார்.

"குடுங்க மாப்ள. ஆடலாம்."

அவர் என்னிடம் ஒரு பொருளைக் கேட்பது அதுவே முதல் தடவை. தலை தானாக ஆடிவிட்டது. சரி, சாதாரணச் சீட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் "மாப்ள, கீழ டீ இருக்குதான்னு பாருங்களேன்" என்று அத்தை அனுப்ப, போய் டீயோடு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அருள் ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியிருந்தான். கண்ணாடிப் பேப்பர் உறைகளெல்லாம் ஒரு மூலையில் வெங்காயச் சருகு மாதிரிக் குவிந்து கிடந்தன. என் சீட்டுகளை இரண்டு கட்டாக வளைத்து, சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்று பாயவிட்டுக் கலைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் கேட்டது.

ஆடியது 'கழுதை'. அதே நிறத்தில் சீட்டுப் போடவேண்டும். நிறம் இல்லாதவர் வேறு நிறத்தில் வெட்டலாம். வெட்டு விழுந்தால் பெரிய எண் போட்டவர் மொத்தத்தையும் அள்ளவேண்டும். கைச்சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. சீட்டு வைத்திருப்பதையே ஒரு தகுதியாக நினைத்து வாழ்ந்தவனுக்கு எப்பேர்ப்பட்ட ஆட்டம் பாருங்கள்.

ஆந்தை அத்தையிடம் போயிருந்தது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுச் சீட்டை விரித்தவர், "ஐய, இன்னா மாப்ள இது, கோட்டான வெச்சிருக்கீங்க? வூட்டுக்கு ஆகாதே" என்றார். அதன் எண் ஒன்று. "பலமும் கம்மி" என்று பாயில் ஓங்கி அடித்தார். மேகம் புகுந்து போனதில் பாய் ஈரம். நடப்பதை எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று வாயெடுத்தேன், அந்தச் சுற்றில் வெட்டு விழுந்து ஆந்தையோடு ஒரு குவியல் மாமனாரிடம் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று என்னாலேயே நம்பமுடியவில்லை. கொஞ்ச நேரம் ஆந்தையை மறந்துவிட்டேன். சங்கீதா என்னை வெட்டினாள், நான் அருளை வெட்டினேன். அத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் தொடையில் தட்டிச் சிரித்தார். இத்தனை வருஷம் உறையில் தூங்கிய பூதங்களும் வீரர்களும் பாயில் விழுந்து எழுந்து என்னமாய்ச் சண்டை போட்டார்கள்! ஆட்டத்துக்கு ஆட்டம் மாமனார்தான் முதலில் கையை விரித்துக் காட்டினார். "தீந்துச்சி." எவ்வளவு குவியல் அள்ளினாலும் அவரே முதலில் வெளியே. என்ன மூளை என்று பிரமித்துப்போனேன்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைச் சேர்க்கும்போது கவனித்தேன். ஆந்தை இல்லை.

கட்டை இரண்டு தடவை புரட்டினேன். இல்லை.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன். மாமனார் இருக்கும் அறையில், எழுந்து நின்று, கையை நீட்டி.

"கோட்டான் போனா போவட்டும் மாப்ள, நல்லதுதான்" என்றார் அத்தை.

"அத்தை, அது ஒரு பைக்கு விலை!"

அத்தையின் விரல் நாக்குக்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

"இன்னா சொன்னீங்க?" என்றாள் சங்கீதா.

"புது பைக்கா, பழைய பைக்கா?" என்றான் அருள்.

"செகண்ட் ஹேண்ட்" என்றேன், அதனால் ஏதோ குற்றம் குறைந்துவிடும் என்பதுபோல.

அத்தை கையிலிருந்த சீட்டுகளைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலப் பாயில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு யாரும் சீட்டைத் தொடவில்லை. சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அத வெச்சி எத்தினி ஆட்டம் ஆடியிருப்பீங்க மாப்ள?" அத்தை மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல அத்தை. ஆடினா விலை இறங்கிடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

தேடினோம். தலையணையை உதறினோம், பையைக் கவிழ்த்தோம். புளிசாதத் தூக்கைத் திறந்துகூடப் பார்த்தேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், மாமனாரைத் தவிர. அவர் பாயில் சம்மணமிட்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதாவது என் புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.

"மாமா... கொஞ்சம் எழுந்திரிங்க."

சங்கீதா என் கையைக் கிள்ளினாள்.

"இன்னாத்துக்கு?" என்றார் மாமனார்.

"கீழ பாக்கணும்."

"கால் மரத்துப் போச்சி."

"நான் தூக்கி வுடறேம்பா" என்று அருள் போய் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

கொட்டியது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பூதம் விழுந்தது. தொடைக்கு அடியிலிருந்து இரண்டு வீரர்கள். இடுப்புச் சொருகலிலிருந்து கொத்தாக ஏழெட்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் தீர்ந்துபோனதாக அவர் காட்டிய சீட்டெல்லாம், புளியமரத்தை உலுக்கியதுபோலப் பொலபொலவென்று உதிர்ந்தன. வரப்பை அளந்து "இதான்" என்று சொல்லும் மனிதர்! ஆந்தை மட்டும் இல்லை. பிறகு அவர் மெல்லத் திரும்பினார். வேட்டியின் பின்பக்கத்தில், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு இறக்கை மடிந்து, இரண்டு கண்ணாலும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளி ஆந்தை.

முதலில் பேசியது அத்தை. "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த மனுஷன் ஒரு தபாகூட என்கிட்ட கழுத ஆனதில்ல. எனக்கு வெவரம் பத்தலன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

நான் தரையைப் பார்த்து நின்றேன். பெண் கொடுத்த மனிதரை, அவர் மனைவி பிள்ளைகள் எதிரில், எழுப்பி நிற்கவைத்துச் சோதனை போட்டிருக்கிறேன். பேசாமல் மழையில் இறங்கி நடந்தே கள்ளக்குறிச்சி போய்விடலாமா என்று யோசித்தேன்.

மாமனார் ஆந்தையைப் பிய்த்தெடுத்து, இறக்கையை நகத்தால் நீவி, என் கையில் கொடுத்தார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

"மாப்ள, ஆடறதுன்னா பாயில வெக்கணும். சொத்துன்னா பீரோல வெக்கணும். ரெண்டையும் ஒண்ணா கொண்ணாந்து கலக்கிட்டா நான் இன்னாத்த கண்டேன்? ஒக்காருங்க. சீட்டப் போடு அருளு."

சங்கீதாதான் முதலில் வெடித்தாள். பிறகு எல்லோரும். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாமனாரே அவர் தலையில் தட்டிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஆட்டத்தில் கழுதை நான்தான். கடைசியில் என் கையில் மிஞ்சிய சீட்டுகளில் ஆந்தையும் இருந்தது.

மடிந்த இறக்கை நிமிரவில்லை. விற்ற சேகரிப்பாளருக்குப் போட்டோ அனுப்பினேன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று பதில் வந்தது. பைக் விஷயத்தைச் சங்கீதா பேசி முடிப்பதற்குள் அந்த வருஷக் கரும்பு வெட்டும் முடிந்துவிட்டது. பொட்டலம் வாங்குவதை விட்டுவிட்டேன். மொத்தச் சீட்டுகளும் இப்போது கச்சிராயபாளையத்தில், ஒரு மிட்டாய் டப்பாவில், ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன. பண்டிகைக்குப் பண்டிகை புழங்கி ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டன. ஆந்தையை மட்டும் வேண்டுமென்றே எல்லோரும் என் தலையிலேயே கட்டுவார்கள்.

வீட்டில் சீப்பு காணோமென்றாலும் சாவி காணோமென்றாலும் யாராவது ஒருவர் "யாரும் அசையாதீங்க, பைக்கு காணோம்" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. சீட்டுப் போடுவதற்கு முன்னால் மாமனார் எழுந்து நின்று வேட்டியை உதறிக் காட்டவேண்டும் என்பதும் சட்டம். அவரும் சாமி முன்னால் நிற்பதுபோல பயபக்தியோடு உதறிக் காட்டுவார். உட்காருவார். முதல் ஆளாக வெளியே போவார்.

போன பொங்கலுக்கு அருள் அவருக்குப் பாக்கெட்டே இல்லாத ட்ராக் பேண்ட் ஒன்று வாங்கிவந்து, அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடவேண்டும் என்றான். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். மேலே கையில்லாத பனியன். நான்கு பேரும் நான்கு பக்கம் உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"தீந்துச்சி."